146 நாள், 73 நாள்

1993 ஏப்ரல். தென் கொரியத் தலைநகர் சோலில், ஜோங்னோ வீதியில் டன்சோங்சா என்றொரு தியேட்டர். 1907இல் கொட்டகையாகத் தொடங்கியது. கொரியர்களின் முதல் படம் என்று இன்றும் கொண்டாடப்படும் படம் 1919இல் வெளியானது அங்கேதான். நா உன்-கியூவின் ‘அரிராங்’ 1926இல் வந்ததும் அங்கேதான். அந்தத் தியேட்டரில் இம் குவோன்-டேக்கின் ‘சோப்யோன்ஜே’ திரையிடப்பட்டது.

பான்சோரி என்பது கொரியாவின் பழைய கதைப்பாட்டுக் கலை. ஒருவர் நின்று பாட, ஒருவர் உட்கார்ந்து முரசு தட்ட, கதை மணிக்கணக்கில் போகும். நம் கதாகாலட்சேபத்துக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஊர் ஊராக நடந்து அதைப் பாடிப் பிழைக்கும் ஒரு மனிதர், அவர் எடுத்து வளர்க்கும் பெண், கூடவே ஒரு பையன். கேட்க ஆளில்லாத பாட்டு அவர்களுடையது. இந்தக் கதைக்குக் கூட்டம் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்தப் படத்தில் ஒரு காட்சியை மறக்கவே முடியாது. இருபுறமும் கல் அடுக்கிய தாழ்ந்த சுவர்கள், நடுவே வளைந்து இறங்கும் மண் பாதை. தூரத்தில் மூன்று புள்ளிகளாக அவர்கள் வருகிறார்கள். பெரியவர் ஒரு வரி எடுத்துக் கொடுக்கிறார், பெண் வாங்கிப் பாடுகிறாள். பையன் தோளில் கிடந்த முரசு கைக்கு வருகிறது. நெருங்க நெருங்கத் தோள்கள் ஆடத் தொடங்குகின்றன. நம் கண்ணெதிரே வந்து சேரும்போது மூவருமே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கேமரா அவர்களைத் துரத்தவில்லை, காத்து நிற்கிறது. ஒரே ஷாட், ஐந்து நிமிடத்துக்கு மேல். அவர்கள் கடந்து போன பிறகு வெறும் பாதையில் ஒரு காற்று எழுந்து புழுதியை வாரிக்கொண்டு போகிறது.

படம் ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை ஓடியது. சோல் நகரில் மட்டும் 10 லட்சம் பேரைத் தாண்டிய முதல் கொரியப் படம் அதுதான்.

அதே 1993இல் கொரியத் தியேட்டர்களில் டிக்கெட் வாங்கிய நூறு பேரில் கொரியப் படம் பார்த்தவர்கள் பதினாறு பேர்கூட இல்லை. கணக்கு 15.9 சதவீதம். மீதி எல்லாம் பெரும்பாலும் ஹாலிவுட். சொந்தப் படம் என்றாலே முகம் சுளிக்கும் ஒரு நாட்டில் சோப்யோன்ஜே அத்தனை நாள் திரையில் நின்றது. அதன் பின்னால் ஒரு சட்டமும் நின்றது. தியேட்டர் ஒவ்வொன்றும் ஆண்டில் 146 நாள் உள்நாட்டுப் படம்தான் காட்ட வேண்டும் என்ற சட்டம். 365 நாளில் ஐந்தில் இரண்டு பங்கு. அமைச்சகமும் உள்ளூர் நிர்வாகமும் சலுகையாகக் குறைத்துக் கொடுக்க இடம் இருந்தது. அப்படியும் 106 நாளுக்குக் கீழே இறங்க முடியாது. நாள் குறைந்தால், அதற்கு ஈடாகத் தியேட்டரைச் சில நாள் இழுத்து மூட வேண்டியிருக்கும்.

இந்தச் சட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைத் தேவதையாகவோ பூதமாகவோ காட்டிவிடுகிறார்கள். அதன் பிறப்பு அவ்வளவு அழகானதல்ல. 1966இல், பார்க் சுங்-ஹீ என்ற ராணுவ ஆட்சியாளர் காலத்தில் வந்தது அது. மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது ஆண்டுக்குக் குறைந்தது 90 நாள் என்றார்கள். 1970இல் 30 நாளாகக் குறைத்தார்கள். 1973இல் மூன்றில் ஒரு பங்காக, 121 நாளாக உயர்த்தினார்கள். 1985இல்தான் 146 வந்தது.

ஒரு பக்கம் தியேட்டருக்கு இந்த விதி. இன்னொரு பக்கம் தயாரிப்பாளருக்கு வேறொரு விதி. படக் கம்பெனி நடத்த வேண்டுமென்றால் சொந்த ஸ்டூடியோ வேண்டும், ஆண்டுக்கு 15 படம் எடுத்தாக வேண்டும் என்று 1963இல் கட்டளை போட்டார்கள். சின்னக் கம்பெனிகள் அதோடு ஒழிந்தன. மிஞ்சியவர்களுக்கு ஒரு தூண்டில் காட்டப்பட்டது. உள்நாட்டுப் படம் எடுத்தால்தான் வெளிநாட்டுப் படம் இறக்குமதி செய்ய லைசென்ஸ் கிடைக்கும். இறக்குமதிப் படத்தில்தான் காசு. ஆகவே லைசென்ஸுக்காகப் படம் எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் முடித்த படம், பழைய செட்டில் புதுப் பெயர் மாட்டிய படம், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கவலையில்லாத படம். கணக்குக் காட்டப் பிறந்த படங்கள். இங்கிலாந்திலும் 1927இல் திரை ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தபோது இதே மாதிரிப் படங்கள் கும்பலாக முளைத்தன. அங்கேயும் அவற்றுக்கு நல்ல பெயர் இல்லை.

இம் குவோன்-டேக் அந்தக் கணக்குப் படங்களிலிருந்து வந்தவர். 1962இல் முதல் படம். அடுத்த பத்தாண்டில் ஐம்பது படங்களுக்குப் பக்கம் எடுத்துத் தள்ளினார். சண்டைப் படம், ராஜா கதை, அழுகைப் படம் என்று எது கேட்டார்களோ அது. அந்தக் காலத்தை நினைத்துத் தான் வெட்கப்படுவதாக அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் கேமராவை எங்கே வைப்பது, வெளிச்சத்தை எப்படிக் காத்திருந்து பிடிப்பது என்பதையெல்லாம் அந்த ஐம்பதில்தான் கற்றார். 1981இல் ‘மண்டலா’ எடுத்தபோது அவர் வேறு ஆளாக நின்றார். 2002இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கியபோது அவருக்குப் பின்னால் நாற்பது வருடக் கையும் கண்ணும் இருந்தன. கோட்டாவால் குப்பை வந்தது என்பது உண்மை. அந்தக் குப்பை வந்துகொண்டே இருந்ததால்தான் லைட்மேனும் எடிட்டரும் இயக்குநரும் வேலையை விட்டு ஓடாமல் இருந்தார்கள் என்பதும் உண்மை. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்வது நியாயமில்லை.

பழைய சோல் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இன்றைய மாற்றம் புரியும். சுங்முரோ என்ற தெரு, நம் கோடம்பாக்கம்போல, சினிமாவுக்கே மறுபெயர். தியேட்டர் என்றால் ஒரே திரை, ஆயிரம் இருக்கை, முகப்பில் கையால் வரைந்த பெரிய பேனர். ஒரு படம் தலைநகரில் ஒரு தியேட்டரில் வெளியாகும். பிறகு பெட்டி வெளியூருக்குப் போகும். ஏரியா வாரியாக விநியோகஸ்தர்கள் முன்பணம் கொடுத்து உரிமை வாங்குவார்கள், அந்தப் பணத்தில்தான் படமே எடுப்பார்கள். தமிழ் சினிமாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்த வீட்டின் அடித்தளம் ஆடியது 1988இல். அமெரிக்கா கொடுத்த நெருக்கடியில், ஹாலிவுட் கம்பெனிகள் கொரிய இடைத்தரகர் இல்லாமல் நேரே விநியோகம் செய்ய அனுமதி கிடைத்தது. செப்டம்பரில் முதல் நேரடி வெளியீடாக ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ வந்தது. இறக்குமதி லாபத்தைச் சொந்தப் படத்தில் போட்டுவந்த கொரியக் கம்பெனிகளுக்கு அந்த ஊற்று அடைபட்டது. ஊர் விநியோகஸ்தர்கள் ஆட்டம் கண்டார்கள். ஆத்திரத்தில் சிலர் செய்த காரியம் உலகச் செய்தியானது. அமெரிக்கப் படம் ஓடிய தியேட்டருக்குள் பாம்புகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஓர் இயக்குநர் உட்படச் சிலர் கைதானார்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த மக்கள் என்ன பாவம் செய்தார்கள்? அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் எவ்வளவு வழியடைபட்டு நின்றார்கள் என்பதற்கு அது சாட்சி.

அப்போது சட்டப் புத்தகத்தில் 146 நாள் இருந்தது, திரையில் இல்லை. தியேட்டர்காரர்கள் கொரியப் படம் ஓட்டியதாக எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே ஹாலிவுட் படத்தை ஓட்டினார்கள். அதிகாரிகள் ஏட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். 1993இல் சினிமாக்காரர்களே திரை ஒதுக்கீட்டுக் கண்காணிப்புக் குழு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வேலை எளிமையானது, அலுப்பூட்டுவது. தியேட்டருக்கு நேரில் போக வேண்டும், இன்று இங்கே எந்தப் படம், எத்தனை காட்சி என்று பார்க்க வேண்டும், எழுதிக்கொள்ள வேண்டும், அரசிடம் தியேட்டர் கொடுத்த கணக்கோடு ஒப்பிட வேண்டும். எங்கே பொய் என்று ஆதாரத்தோடு காட்டினார்கள். தியேட்டர் உரிமையாளர்கள் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கே போனார்கள், தொழில் செய்யும் உரிமையில் கைவைக்கிறது இந்தச் சட்டம் என்று. 1995 ஜூலையில் நீதிமன்றம் அவர்கள் வாதத்தை ஏற்கவில்லை. சட்டம் செல்லும் என்றது.

என்னைக் கேட்டால், கொரிய சினிமாவின் வரலாற்றில் பெரிய நட்சத்திரங்களைவிட அந்தக் கணக்கெடுத்த இளைஞர்கள் முக்கியமானவர்கள். சட்டம் போட்டது சர்வாதிகாரி. அதை உண்மையாக்கியது தெருவில் நின்று எண்ணியவர்கள்.

அடுத்த சில ஆண்டுகள் வேகமாக ஓடுகின்றன. ‘ஜுராசிக் பார்க்’ என்ற ஒரே படத்தின் வருமானம் 15 லட்சம் ஹூண்டாய் கார்களை ஏற்றுமதி செய்வதற்குச் சமம் என்று 1994இல் ஜனாதிபதிக்கு ஓர் ஆலோசனைக் குழு அறிக்கை கொடுத்தது. கார் விற்று முன்னேறிய நாட்டுக்கு அந்த ஒப்பீடு சுருக்கென்று தைத்தது. பெருநிறுவனப் பணம் சினிமாவுக்குள் வந்தது. 1996இல் பூசான் திரைப்பட விழா தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் படங்களை முன்தணிக்கை செய்வது சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது. என் கணக்கில் 146 நாளுக்கு இணையான பெரிய விஷயம் இந்தத் தீர்ப்புதான். சர்வாதிகாரக் காலத்தில் திரையில் இடம் இருந்தது, சொல்ல விடவில்லை. இப்போது சொல்லவும் விட்டார்கள், இடமும் காத்திருந்தது.

1998 ஏப்ரலில் சோலின் கிழக்கே 11 திரைகளோடு முதல் மல்டிபிளெக்ஸ் திறந்தது. 1999 பிப்ரவரியில் காங் ஜே-கியூவின் ‘ஷிரி’ வந்தது. வடக்கிலிருந்து வந்த உளவுப் பெண், தெற்கின் அதிகாரி, இடையில் காதல், துப்பாக்கி. ஷிரி என்பது கொரிய ஆறுகளில் வாழும் சின்ன மீனின் பெயர். அந்தச் சின்ன மீன் ‘டைட்டானிக்’கைக் கவிழ்த்தது என்று கொரியர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். சுமார் 62 லட்சம் பேர் பார்த்தார்கள், டைட்டானிக்கின் கொரியச் சாதனை முறிந்தது. 2001இல் கொரியப் படங்களின் பங்கு பாதியைத் தொட்டது. எட்டு ஆண்டுக்கு முன் 15.9 என்று இருந்த அதே நாடு.

இதற்கிடையே அமெரிக்காவோடு முதலீட்டு ஒப்பந்தப் பேச்சு நடந்தது. கோட்டாவைக் குறையுங்கள் என்பது அந்தப் பக்கத்தின் நிபந்தனை. 1998 டிசம்பரில் நடிகர்களும் இயக்குநர்களும் கறுப்பு உடுத்தி, இழவு வீட்டில் தூக்கிப் பிடிப்பதுபோலத் தங்கள் புகைப்படங்களையே கையில் ஏந்தித் தெருவில் வந்தார்கள். 1999 கோடையில் பலர் பொது இடத்தில் தலையை மழித்துக்கொண்டார்கள். அதில் அறுபதைக் கடந்துவிட்ட இம் குவோன்-டேக்கும் ஒருவர். கணக்குப் படங்களை எண்ணி வெட்கப்பட்ட அதே மனிதர், அந்தப் படங்களைப் பெற்ற சட்டத்துக்காக மொட்டையடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தச் சட்டம் தனக்கு என்ன செய்தது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பேச்சு முறிந்தது. சட்டம் தப்பியது, ஏழு வருடத்துக்கு.

2004 ஜூனில் முதல் விரிசல் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அன்றைய பண்பாட்டு அமைச்சர் லீ சாங்-டாங். நாவலாசிரியர், இயக்குநர், கோட்டாவைக் காக்கத் தெருவில் நின்றவர்களில் ஒருவர். பதவியிலிருந்து இறங்கும் தறுவாயில், ஒதுக்கீட்டு நாளை மறுபரிசீலனை செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அறிவித்தார். நண்பர்கள் துரோகம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்காலியிலிருந்து பார்க்கும்போது தெருவில் தெரியாத ஏதோ தெரிந்திருக்கும். ஆனால் பதிலுக்கு என்ன பாதுகாப்பு என்பதை முதலில் எழுதி வாங்கிவிட்டு அவர் அதைச் சொல்லியிருக்கலாம் என்பது என் வருத்தம்.

2006 ஜனவரி 26 அன்று, நிதியமைச்சராக இருந்த ஹான் டக்-சூ அறிவித்தார்: ஜூலை முதல் தேதியிலிருந்து 146 நாள் 73 நாளாகும். சரிபாதி. அடுத்த சில நாட்களில் அமெரிக்காவோடு தடையில்லா வர்த்தக ஒப்பந்தப் பேச்சு தொடங்குவதாக அறிவிப்பு வந்தது. மேசையில் உட்காருவதற்கு முன்பே கொடுத்த விலை அது. மூன்று மாதம் முன்புதான், 2005 அக்டோபரில், பண்பாட்டுப் பன்மையைக் காக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு 148 நாடுகள் வாக்களித்திருந்தன. எதிர்த்தவை இரண்டே நாடுகள்: அமெரிக்கா, இஸ்ரேல். கொரியா ஆதரித்து வாக்களித்த நாடு.

கொரியாவில் கூட்டம் கூட்டமாகப் போராட முன்கூட்டித் தகவல் கொடுக்க வேண்டும், தனி ஆளாக நின்றால் தேவையில்லை. அதனால் ஒருநாள் ஒருவர் என்று முறைவைத்து நின்றார்கள். பிப்ரவரிக் குளிர். முதலில் மூத்த நடிகர் ஆன் சங்-கி அட்டை பிடித்து நின்றார். ஜாங் டாங்-கன் வந்த நாளில் பார்க்கக் கூடிய கூட்டத்தில் அந்த இடமே திணறியது. ‘ஓல்ட்பாய்’ நாயகன் சோய் மின்-சிக், அரசு தனக்குக் கொடுத்த பண்பாட்டு விருதைத் திருப்பிக் கொடுத்தார். கோட்டா இல்லையென்றால் ஓல்ட்பாய் இல்லை என்பது அவர் பிடித்த அட்டையின் சாரம். இயக்குநர் பார்க் சான்-வூக் பெர்லின் திரைப்பட விழாவின் வாசலிலும் அட்டையோடு நின்றார்.

மக்கள் முழு மனதாக அவர்கள் பக்கம் நிற்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ‘தி கிங் அண்ட் தி கிளவுன்’ 1.2 கோடிப் பேரைத் தாண்டிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. கோடி கோடியாய்ச் சம்பாதிக்கும் நட்சத்திரங்களுக்கு எதற்கு வேலி என்று பலர் கேட்டார்கள். விவசாயிகளுக்கும் அதே ஒப்பந்தத்தில்தான் அடி விழ இருந்தது. அவர்கள் கண்ணீருக்கு இவ்வளவு கேமரா வரவில்லை.

ஜூலை ஒன்றில் 73 நாள் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் போங் ஜூன்-ஹோவின் ‘தி ஹோஸ்ட்’ 620 திரைகளில் வெளியாகி 1.3 கோடி டிக்கெட் விற்றது. அந்த ஆண்டு கொரியப் படங்களின் பங்கு 63.8 சதவீதம். பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே என்று அரசாங்கம் சொல்ல வசதியாகப் போயிற்று. இரண்டு ஆண்டில், 2008இல், பங்கு 42.1 ஆகச் சரிந்தது. நாங்கள் சொன்னோமே என்று மறுபக்கம் சொன்னது. 2013இல் மீண்டும் 59.7. மொத்தப் பார்வையாளர் எண்ணிக்கை முதல்முறையாக 20 கோடியைத் தாண்டியது. 2014இல் கடற்போர் வீரர் யி சுன்-சின் கதையை 1.76 கோடிப் பேர் பார்த்தார்கள். நாட்டின் மக்கள்தொகை ஐந்து கோடி. 2019 மேயில் ‘பாரசைட்’ கான் விழாவின் தங்கப்பனை வாங்கியது. 2020 பிப்ரவரியில் சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர்.

அப்படியானால் மொட்டையடித்தவர்கள் தப்புக் கணக்குப் போட்டார்களா? நான் அப்படிப் படிக்கவில்லை. பாரசைட்டை எடுத்த போங் ஜூன்-ஹோ முதல் படத்தை 2000இல் எடுத்தவர். அந்தப் படம் அன்று ஓடவில்லை. ஓடாத முதல் படத்துக்குப் பிறகும் 2003இல் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ எடுக்க அவருக்கு வாய்ப்புக் கொடுத்த தொழில், 146 நாள் காலத்தில் வளர்ந்த தொழில். கோட்டாவைக் குறைத்த பிறகு வந்த வெற்றிகளில் பாதி, குறைப்பதற்கு முன் வேர் பிடித்தவர்களுடையவை. மெக்சிகோவில் 1990களில் ஒதுக்கீட்டைப் படிப்படியாகத் தளர்த்தியபோது ஆண்டுக்குப் பல பத்துப் படங்கள் எடுத்த தொழில் சில வருடங்களிலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. கொரியர்கள் போராட்டத்தில் மெக்சிகோ, மெக்சிகோ என்று கத்தியது அதனால்தான். கொரியா மெக்சிகோ ஆகாததற்கு, வேலி பாதியாவதற்கு முன்பே மரம் வளர்ந்திருந்தது காரணம். குறைத்தபோது ஈடாக 40,000 கோடி வோன் நிதி உருவாக்குவதாக அரசு வாக்களித்ததும், டிக்கெட்டில் 3 சதவீதம் பிடித்து அதில் பாதியைச் சேர்த்ததும் இன்னொரு காரணம்.

இனி இன்றைய கதை. இன்று சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

2019 ஏப்ரல் இறுதியில் கொரியாவில் ஏறத்தாழ 3,000 திரைகள் இருந்தன. ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ அதில் 2,800க்கும் மேல் பிடித்தது. இது ஹாலிவுட் கதை. 2017 ஜூலையில் ‘தி பேட்டில்ஷிப் ஐலண்ட்’ என்ற கொரியப் படமும் முதல் நாளே 2,000 திரைகளுக்கு மேல் பிடித்தது. சட்டத்தின் கண்ணில் அது உள்நாட்டுப் படம், 73 நாளில் சேரும். மூன்று பெரிய தியேட்டர் சங்கிலிகள்தான் திரைகளில் பெரும்பங்கை வைத்திருக்கின்றன. அதில் பெரிய சங்கிலியை நடத்தும் குழுமமே படத்துக்குப் பணம் போடுகிறது, அதுவே விநியோகிக்கிறது. பாரசைட்டும் அந்த வழியில் வந்த படம்தான். இப்படிப்பட்ட வீட்டில் 73 நாள் என்பது யாரையும் உறுத்தாத எண். இரண்டு பெரிய கொரியப் படம் வந்தால் கணக்கு நிறைந்துவிடும். சின்னப் படத்துக்குக் காலை எட்டு மணிக்கு ஒரு காட்சி, நள்ளிரவில் ஒரு காட்சி. மூன்றாம் நாள் அதுவும் இல்லை.

2009 ஜனவரியில் ஓர் ஆவணப்படம் ஏழே திரைகளில் வெளியானது. மலைக் கிராமத்தில் ஒரு கிழவர், அவர் மனைவி, நாற்பது வயதான ஒரு மாடு. ஆங்கிலத்தில் ‘ஓல்ட் பார்ட்னர்’ என்று பெயர். காது மந்தமான அந்த முதியவருக்கு மாட்டின் மணிச்சத்தம் மட்டும் தப்பாமல் கேட்கும். மாடு தின்னும் புல்லில் விஷம் சேரக்கூடாது என்று வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்க மாட்டார். மனைவி புலம்பிக்கொண்டே இருப்பார். நம் கிராமங்களில் இந்த மூவரையும் பார்க்காதவர் உண்டா? பார்த்தவர் சொல்ல, கேட்டவர் போக, திரைகள் கூடிக்கொண்டே வந்து கிட்டத்தட்ட 30 லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். ஏழு திரையில் தொடங்கிய படத்தைச் சில வாரம் இறக்காமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் அந்த அதிசயத்தின் முழுக் காரணம். சோப்யோன்ஜேக்கும் அதேதான் கிடைத்தது, நேரம்.

அந்த நேரம் கொடுத்த தியேட்டர்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. டன்சோங்சா 2008இல் நொடித்தது. அந்த இடத்துக் கட்டடத்தில் இப்போது நகைக் கடைகள், கூடவே பழைய நினைவுக்கு ஒரு சிறு அருங்காட்சியகம். அதே ஜோங்னோ பகுதியின் சோல் சினிமா 2021 ஆகஸ்டோடு மூடியது. சுங்முரோவில் 1958இல் திறந்த டேஹான் தியேட்டர் 2024 செப்டம்பரில் கதவைச் சாத்தியது. போங் ஜூன்-ஹோவின் ‘ஓக்ஜா’ 2017இல் நெட்ஃபிளிக்ஸிலும் ஒரே நேரத்தில் வருகிறது என்பதால் பெரிய சங்கிலிகள் மூன்றும் அதைத் திரையிட மறுத்தன. அன்று அதற்கு இடம் கொடுத்த சில தியேட்டர்களில் டேஹானும் ஒன்று.

தியேட்டருக்குப் போகும் பழக்கமே குறைந்துவிட்டது. 2019இல் 22.6 கோடி டிக்கெட் விற்றது, ஆளுக்கு ஆண்டுக்கு நாலு படத்துக்கு மேல். 2024இல் 12.3 கோடி. வார இறுதி டிக்கெட் 15,000 வோன் ஆகிவிட்டது. கொரியப் படங்களின் பங்கு அந்த ஆண்டிலும் பாதிக்கு மேல்தான். ஆனால் பங்கு போட வேண்டிய பண்டமே பாதியாகிவிட்டது. திறமைசாலிகள் பலர் ஓடிடி தொடர்களுக்குப் போனார்கள். ‘ஸ்குவிட் கேம்’ உலகத்தைக் கலக்கியபோது அதன் உரிமை முழுவதும் அமெரிக்கக் கம்பெனியிடம் இருந்தது. திரையரங்கை எண்ணிக் காவல் காத்த சட்டத்துக்கு அந்தத் திரை கண்ணில் படுவதேயில்லை.

தமிழ்நாட்டில் நமக்கு இப்படியொரு கோட்டா தேவைப்பட்டதில்லை. ஆங்கிலப் படம் தமிழ்ப் படத்தைத் தியேட்டரைவிட்டு விரட்டியது கிடையாது. மகாராஷ்டிரத்தில் 2015இல் மல்டிபிளெக்ஸ்கள் மாலை நேரத்தில் மராத்திப் படம் காட்ட வேண்டும் என்று அரசு சொன்னது, சர்ச்சை வெடித்தது, பகல் 12 முதல் இரவு 9க்குள் ஒரு காட்சி என்று தளர்த்தினார்கள். நம்மிடம் இருப்பது கொரியாவின் இன்றைய நோய். பெரிய நடிகர் படம் வரும் வெள்ளிக்கிழமை ஊரில் உள்ள திரையெல்லாம் அதற்கே. “நல்ல படம்தான் சார், ஷோ கிடைக்கல” என்று இயக்குநர்கள் சொல்வதைக் கேட்காத வாரமில்லை.

கொரியாவில் 2016இலிருந்து நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் வந்தன. ஒரு படம், அது எந்த நாட்டுப் படமானாலும், ஒரு வளாகத்தின் திரைகளில் இத்தனை பங்குக்கு மேல் பிடிக்கக்கூடாது என்பது அவற்றின் கரு. எதிர்ப்பில் முடங்கின. இனி காக்க வேண்டியது இந்த வழியில்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். படம் எங்கே பிறந்தது என்று பார்த்த காலம் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. படம் எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டிய காலம் இது. தயாரிப்பும் தியேட்டரும் ஒரே கையில் இருப்பதையும் பிரித்தாக வேண்டும்.

பழைய 146க்குத் திரும்பிப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வழியில்லை. 2012 மார்ச் 15 முதல் நடப்பில் இருக்கும் அமெரிக்க ஒப்பந்தத்தின் பட்டியலில் திரை ஒதுக்கீடு 73 நாள் என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த எண்ணைக் கொரியா தானாகக் குறைத்துக்கொள்ளலாம், கூட்டிக்கொள்ள முடியாது. அந்த 73 நாளில் சின்னப் படத்துக்கென்று ஒரு நாளும் தனியாக ஒதுக்கப்படவில்லை.